கல்லில் நிற்கும் பெயர்கள்

ஜவ்வாது மலையை அடுத்த செங்கம் வட்டாரம், போராடி மாண்டவர் நினைவாக நட்ட நடுகற்களுக்குப் பேர்போனது. மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து எடுத்தனூர்க் கல்லில், எருமை மந்தையைக் காக்கப் போராடி மாண்ட கருந்தேவகத்தி நிற்கிறான். இரு கள்வரைக் கடித்துக் காவல் நின்ற அவன் நாய் கோவிவனும் உடன் நிற்கிறது. மன்னனுக்கு மட்டுமல்ல, மந்தை காத்தவனுக்கும் நாய்க்கும்கூடப் பெயர் பொறித்த மண் இது.

அந்த மரபு இன்றைய வீரர்களுக்கும் தொடர வேண்டும். 2020 ஜூன் 15 அன்று கல்வான் பள்ளத்தாக்கில் சீனப் படையுடனான மோதலில் உயிர்நீத்த ராமநாதபுரத்து ஹவில்தார் பழனிக்கு நாடு வீர் சக்ரா வழங்கியது. பதக்கத்தோடு நம் கடமை முடிந்துவிடாது. போரில் பிள்ளையைப் பறிகொடுத்த ஒவ்வோர் ஊரும் அவன் பெயரைப் பள்ளி வாசலிலோ ஊர்ப் பொதுவிடத்திலோ கல்லில் பொறிக்க வேண்டும். வயலோரங்களிலும் புதர்களிலும் கிடக்கும் பழைய நடுகற்களையும் அரசு காக்க வேண்டும். நமக்காக விழுந்தவனை மறப்பது நன்றிகொன்ற செயல்.