யாங்கூன் போறீங்களா? சாப்பிட நிறைய இருக்கு, மாணிக்கம் மட்டும் வேண்டாம்

செமஸ்டர் லீவுக்கு நாலு நாள் யாங்கூன் போயிட்டு வந்தேன். பாங்காக்கிலிருந்து விமானத்தில் ஒண்ணேகால் மணி நேரம்தான். கிளம்பும்போது என் கையில் ரெண்டு லிஸ்ட் இருந்தது.

ஒண்ணு சித்தி அனுப்பினது. ஒரே வரி. "பர்மா மாணிக்கம், மோதிரத்துக்கு, சின்னதா இருந்தாலும் பரவாயில்லை." பாட்டி பிறந்த ஊர் ரங்கூன். 1965ல் கப்பலேறி சென்னைக்கு வந்து வியாசர்பாடியில் குடியேறின குடும்பம் எங்களோடது. அதனால் பர்மா மாணிக்கம் மேல் தனக்கு ஏதோ பரம்பரை உரிமை இருக்குனு சித்திக்கு ஒரு நினைப்பு.

இன்னொண்ணு, என்கூட மாஸ்டர்ஸ் படிக்கிற யாங்கூன் பையன் எழுதிக் கொடுத்தது. ரெண்டு பக்கம். எங்கே என்ன சாப்பிடணும், எத்தனை மணிக்கு முன்னாடி போகணும், எதை வாங்கக் கூடாது, எல்லாம் இருந்தது. அவனுக்கு 25 வயசு. அவனால் ஊருக்குப் போக முடியாது. 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவ சேவைச் சட்டத்தை அமல்படுத்தினாங்க. ஆண்களில் 18லிருந்து 35 வரை, பெண்களில் 18லிருந்து 27 வரை யாரை வேணும்னாலும் கூப்பிடலாம். போனா திரும்பி வர முடியுமானு தெரியாத ஊருக்கு எவன் போவான்? "எனக்கும் சேர்த்து நீ சாப்பிட்டுட்டு வா"ன்னான்.

இந்தப் பதிவு அந்த ரெண்டாவது லிஸ்ட். முதல் லிஸ்ட்டை ஏன் கிழிச்சுப் போட்டேன்ங்கறதும் இதிலேயே இருக்கு.

சாப்பாடு

காலையில் ஓட்டலில் தர்ற பிரெட் ஆம்லெட்டை விட்டுட்டு தெருவுக்கு இறங்குங்க. மொஹிங்கா காலைச் சாப்பாடு. நேரமாச்சுன்னா பானை காலி. கெளுத்தி மீன் போட்ட குழம்பு, எலுமிச்சைப்புல் வாசனை, கெட்டிப்படக் கடலை மாவு, மெல்லிசா நறுக்கின வாழைத்தண்டு. இதை அரிசி நூடுல்ஸ் மேல் ஊத்தி, பொரிச்ச பருப்பு வடையை உடைச்சுப் போட்டு, மல்லித்தழை தூவி, எலுமிச்சை பிழிஞ்சு தருவாங்க. சென்னை பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ சாப்பிட்டு வளர்ந்தவங்களுக்கு முதல் வாயிலேயே ஏதோ தெரிஞ்ச முகத்தைப் பார்த்த மாதிரி இருக்கும். அங்கே தனியா கிண்ணத்தில் தர்ற வாழைத்தண்டு சூப்போட பெரியப்பா இது. அத்தோங்கற பேரே இவங்க சொல்ற "அதோ(க்)"தான். கையால் கலந்து பிசைஞ்சதுன்னு அர்த்தம். நம்ம பேஜோ இங்கே "பயா ஜோ".

டீக்கடைக்குப் போகாம யாங்கூன் பார்த்தேன்னு சொல்லாதீங்க. குட்டி ஸ்டூல், முழங்கால் நெஞ்சுல இடிக்கும். டீ கேட்கும்போது இனிப்பா, கெட்டியா வேணும்னா "ச்சோ செய்ன்"னு சொல்லணும். பையனைக் கூப்பிட முத்தம் கொடுக்கிற மாதிரி உதட்டால் சத்தம் போடறாங்க. எனக்கு ரெண்டு நாள் கூச்சமா இருந்தது, மூணாவது நாள் நானும் ஆரம்பிச்சுட்டேன் :) மேஜையில் ஃபிளாஸ்க்கில் இருக்கிற வெறும் டீ இலவசம், எத்தனை கப் வேணும்னாலும் குடிக்கலாம். கூட சமூசா தோ(க்) சொல்லுங்க. சமோசாவை வெட்டி, முட்டைக்கோஸ், வெங்காயம், புதினா எல்லாம் போட்டு எலுமிச்சை பிழிஞ்சு தருவாங்க. நம்ம பரோட்டா இங்கே பலாட்டா. பிரியாணி இங்கே டான்பௌ. தம் புக்த்ங்கற பாரசீகச் சொல் திரிஞ்சு வந்தது.

சைவக்காரங்க பயப்பட வேண்டாம். "தெத்தத்லு"ங்கற ஒரு வார்த்தையை மனப்பாடம் பண்ணிக்கங்க. உயிர்க்கொலை இல்லாததுன்னு அர்த்தம். திருவள்ளுவர் வந்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பார். ஆனா ஊறவைத்த டீ இலையில் செய்யற லபெ தோ(க்) வாங்கும்போது மட்டும் உஷார். பார்க்கச் சைவமா இருக்கும், உள்ளே காய்ஞ்ச இறால் பொடி இருக்கும்.

ராத்திரிக்கு சைனா டவுன் 19வது தெரு. வரிசையா கரி அடுப்பு, குச்சியில் குத்தின மீன், காளான், வெண்டைக்காய். இங்கே நண்பனோட லிஸ்டில் சிவப்பு மையில் ஒரு வரி: மியான்மர் பீர் வேண்டாம். அந்த பீர் கம்பெனி ராணுவத்தின் வணிக நிறுவனத்தோடது. கூட்டாளியா இருந்த ஜப்பானின் கிரின், 2021 ஆட்சிக் கவிழ்ப்புக்கு அப்புறம் விலகறதா அறிவிச்சு, 2023 ஜனவரியில் வெளியே வந்தது. அதுக்கு ரொம்ப முன்னாடியே, 2021லேயே ஊர்க்காரங்க பலர் அதைக் குடிக்கறதை நிறுத்திட்டாங்க. நான் கரும்பு ஜூஸோட முடிச்சுக்கிட்டேன்.

வாங்கறது

போஜோக் ஆங் சான் மார்க்கெட். 1926ல் கட்டினது, வெள்ளைக்காரன் காலத்தில் ஸ்காட் மார்க்கெட். திங்கட்கிழமை லீவு, அன்னிக்குப் போய் மூடின கதவைப் பார்த்துட்டு நிக்காதீங்க. உள்ளே நுழைஞ்சதும் பளபளன்னு மாணிக்கமும் ஜேடும். இங்கேதான் சித்தியோட லிஸ்ட் கிழிஞ்சது.

முதல் காரணம் சாதாரணமானது. நம்மளை மாதிரி ஆளுங்களுக்கு அசல் எது, கண்ணாடி எது, சூடு காட்டிக் கலர் ஏத்தினது எதுன்னு தெரியாது. ரெண்டாவது காரணம்தான் முக்கியம். பேர்போன மாணிக்கம் மண்டலேக்கு வடக்கே இருக்கிற மோகோக் மலையிலிருந்து வருது. ரொம்ப காலமா அந்த வியாபாரத்தில் பெரிய பங்கு ராணுவத்துக்கும் ராணுவத்துக்கு வேண்டியவங்களுக்கும். 2021 ஏப்ரலில் அமெரிக்கா அரசு ரத்தினக் கம்பெனி மேல் தடை போட்டதே அதுக்காகத்தான். 2024 ஜூலையில் தாங் இன ஆயுதக் குழு ஒண்ணு மோகோக்கைப் பிடிச்சது. எந்தப் பக்கம் பார்த்தாலும் அந்தக் கல் ஒரு துப்பாக்கியைத் தாண்டித்தான் கடைக்கு வருது. என் நண்பனை ஊருக்குள் விடாத துப்பாக்கிக்கு நான் தோட்டா வாங்கிக் கொடுக்கணுமா?

அப்போ என்ன வாங்கலாம்? லுங்கி வாங்குங்க. நம்ம லுங்கியேதான், ஆனா இங்கே ஆபீசுக்கும் கல்யாணத்துக்கும் அதுதான் உடை. ஆண்கள் முன்னாடி முடிச்சுப் போடறாங்க. ஷான் ஜோல்னா பை. பகானில் செய்யற அரக்கு டப்பா, கிண்ணம். நம்ம சந்தனம் மாதிரி கல்லில் இழைச்சுக் கன்னத்தில் பூசிக்கிற தனாக்கா கட்டை. பனை வெல்லம், அப்படியே உடன்குடி ஞாபகம் வரும். ஊறவைத்த டீ இலைப் பாக்கெட். இதெல்லாம் கையால் செஞ்சவங்களுக்கும் சின்னக் கடைக்காரங்களுக்கும் போற காசு.

காசுன்னதும் ஒரு விஷயம். எழுதறது க்யாட், சொல்றது சாட். கார்டை நம்பிப் போகாதீங்க. மடிப்பு, கறை இல்லாத புது டாலர் நோட்டு எடுத்துக்கங்க. 2022லிருந்து அரசு ரேட் டாலருக்கு 2,100. வெளி ரேட் 2024லேயே 4,000 தாண்டிடுச்சு. ஓட்டல் பில்லை எந்த ரேட்டில் போடுவாங்கனு முதல்லயே கேட்டுடுங்க. நான் கேட்காம விட்டு ஒரு இடத்தில் கையைச் சுட்டுக்கிட்டேன்.

பார்க்கறது

ஷ்வேடகன் போகாம இருக்க முடியாது. சுமார் 99 மீட்டர் உயரம், முழுக்கத் தங்கம். செருப்பு, சாக்ஸ் ரெண்டும் கழட்டணும், அதனால் மதியம் போனா கால் பொரிஞ்சுடும். சாயங்காலம் போங்க. போறதுக்கு முன்னாடி நீங்க பிறந்த கிழமையைத் தெரிஞ்சுக்கங்க. கோபுரத்தைச் சுத்தி கிழமைக்கு ஒரு மூலை, ஒவ்வொண்ணுக்கும் ஒரு மிருகம். திங்கள்னா புலி, சனின்னா நாகம். புதன்கிழமை மட்டும் காலை, மாலைன்னு ரெண்டு, ஆக எட்டு. உங்க மூலையில் இருக்கிற புத்தருக்குத் தண்ணி ஊத்தி வேண்டிக்கலாம். நம்ம ஊர் நவக்கிரகம் சுத்தறவங்களுக்குப் புதுசா எதுவும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அடுத்த நாள் சூலே பகோடாவிலிருந்து நடங்க. கோயில், மசூதி, சர்ச் எல்லாம் கூப்பிடு தூரத்தில். மேற்கே நடந்தா அனவ்ரதா சாலை, பக்கத்திலேயே 1871ல் தமிழர்கள் கட்டின காளி கோயில். கோபுரத்தைப் பார்த்ததும் புல்லரிக்கும், அது நியாயம்தான். ஆனா "ஆஹா, நம்மாளு கட்டின ஊரு"ன்னு ஸ்டேட்டஸ் போடறதுக்கு முன்னாடி கொஞ்சம் யோசிக்கணும். 1931 கணக்கெடுப்பில் ரங்கூனில் பாதிக்கு மேல் இந்தியர்கள். மூட்டை தூக்கினவங்களும் நாமதான், வட்டிக்கு விட்டவங்களும் நாமதான். 1930களின் பொருளாதார மந்தத்தில் கடன் கட்ட முடியாத விவசாயிகளின் நிலம் கைமாறி, 1937 வாக்கில் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கால்வாசி நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது. 1964ல் கடைகளை அரசு எடுத்துக்கிட்டதும், லட்சக்கணக்கில் நம்ம ஆட்கள் வெறுங்கையோட வந்ததும் அநியாயம்தான். பாட்டி அதைச் சொல்லிச் சொல்லி அழுதிருக்கா. ஆனா கதைக்கு முதல் பாதியும் உண்டுன்னு அந்தத் தெருவில் நின்னப்போதான் எனக்கு உறைச்சது.

தெருவில் இன்னொரு வேடிக்கை. 1970லிருந்து வண்டிகள் வலது பக்கம் ஓடுது, ஆனா பெரும்பாலான கார்கள் ஜப்பானிலிருந்து வந்த பழசு, ஸ்டியரிங்கும் வலது பக்கமே. இறங்கும்போது பார்த்து இறங்குங்க. நேரமிருந்தா சுற்று ரயில். 46 கிலோமீட்டர், 39 ஸ்டேஷன், முழுசா சுத்தினா மூணு மணி நேரம் போல. அன்னிக்கு முழுச் சுற்று ஓடுதான்னு விசாரிச்சுட்டு ஏறுங்க.

சரி, போகலாமா?

இதைக் கேட்காம பதிவை முடிச்சா நான் யோக்கியன் இல்லை. சண்டை முடியலை. பல நாட்டு அரசுகள் போகாதீங்கன்னுதான் சொல்லுது. நகரத்தை விட்டு வெளியே சுத்தற ஐடியாவே வேண்டாம். கரண்ட் போகும், நடைபாதையில் ஜெனரேட்டர் புகையும்.

அதுக்கு மேல், போறதே தப்பாங்கற கேள்வி. இது புதுசும் இல்லை. 1996ஐ ராணுவ அரசு சுற்றுலா ஆண்டுன்னு அறிவிச்சப்போ, ஆங் சான் சூ கீ வராதீங்கன்னு சொன்னார். 2010 வாக்கில் அவர் கட்சி நிலையை மாத்திக்கிச்சு. பெரிய குரூப் டூர் வேண்டாம், தனி ஆளா வந்து சனங்களோட பழகறவங்க வரலாம்னாங்க.

நண்பனையே கேட்டேன். "நீ போகலைன்னா ஜெனரலுக்கு ஒரு நஷ்டமும் இல்லை, மொஹிங்கா அக்காவுக்கு ஒரு கிண்ணம் நஷ்டம்"னான். நான் முழுசா ஒத்துக்கலை. விசா கட்டணமும் விமான நிலைய வரியும் அரசுக்குத்தான் போகுது. பயந்தா, மனசு ஒப்பலைன்னா, போகாதீங்க. தப்பே இல்லை. போறதா முடிவு பண்ணினா, உங்க காசு எந்தப் பாக்கெட்டுக்குப் போகுதுன்னு ஒவ்வொரு தடவையும் பார்த்துச் செலவு பண்ணுங்க. டீக்கடையில் அரசியல் பேசி அந்தப் பையனை மாட்டி விடாதீங்க. முகம் தெரியற போட்டோவை இணையத்தில் ஏத்தாதீங்க. உங்களுக்கு அது ஒரு லைக், அவங்களுக்கு அது போலீஸ் ஸ்டேஷன்.

திரும்பி வந்து நண்பனுக்கு டீ இலைப் பாக்கெட் கொடுத்தேன். அன்னிக்கு ராத்திரியே ஹாஸ்டல் கிச்சனில் பூண்டு வறுத்து, வேர்க்கடலை போட்டு, தக்காளி நறுக்கிக் கலந்தான். மொஹிங்கா கடையில் யார் இருந்தாங்க, எவ்வளவு கூட்டம், விலை என்னன்னு ஒண்ணு விடாம கேட்டான். விலையைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசலை. "அவ்வளவு ஏறிடுச்சா"ன்னான்.

பி.கு: சித்திக்குத் தனாக்கா கட்டையும் பனை வெல்லமும் அனுப்பியிருக்கேன். இன்னும் என்கூடப் பேசலை. பாட்டி வெல்லத்தைப் பாதி காலி பண்ணிட்டதா தகவல்.