குறுவையை விடுகிறவர் கையை விடுவதில்லை

ரம்மியில் நல்ல ஆட்டக்காரர் யார் என்று கேட்டால், அதிகம் டிக் அடித்து ஜெயிப்பவரை நான் காட்ட மாட்டேன். நேரம் பார்த்து ஸ்கூட் விடுபவரை, அதாவது கெட்ட கையை ஆடாமல் கீழே வைப்பவரைத்தான் காட்டுவேன்.

சம்பா நெல் விற்ற பணம் புழங்கும் மாசி, பங்குனியில் தஞ்சாவூர்ப் பக்கக் கல்யாண மண்டபங்களில் இரவுச் சாப்பாடு முடிந்ததும் ஜமுக்காளத்தில் ஆறு பேர் வட்டமாக உட்கார்ந்துவிடுவார்கள். 101 பாயின்ட் ஆட்டம்: தோற்பவருக்குப் பாயின்ட் ஏறும், 101-ஐத் தொட்டவர் வெளியே. ஒருவர் கையில் ஒன்றோடொன்று ஒட்டாத நாலு படம், மிச்சமும் சிதறல், ஜோக்கர் கிடையாது. எடுக்காமலே விட்டால் 20. எடுத்துப் பார்த்து விட்டால் 40. இன்னொருவர் டிக் அடிக்கும்போது ஜோக்கர் இல்லாத ஒரிஜினல் ரம்மி சேராமல் மாட்டினால் ஃபுல், 80 வரை.

ஆறு பேரில் ஜெயிப்பவர் ஒருவர். நல்ல கையும் கெட்ட கையும் கலந்தே ஆறில் ஒரு வாய்ப்புதான். இந்தக் கைக்கு அதுவும் இல்லை. தோற்றால் சராசரி 50 என்று குறைத்து வைத்தாலும் ஆடிப் பார்ப்பதன் விலை 40-ஐத் தாண்டுகிறது. ஐந்து முறை ஸ்கூட் விட்டவர் 100-ல் இருப்பார். ஒரே ஒரு ஃபுல்லும் ஒரு ஸ்கூட்டும் வாங்கியவரும் அதே 100-ல்தான் இருப்பார். இரண்டு கட்டு, கட்டுக்கு ஒரு அச்சு ஜோக்கர், அதோடு வெட்டி எடுக்கும் ஜோக்கரும் என்று கணக்குப் போட்டால், பத்துக் கையில் ஏறத்தாழ மூன்றுக்கு ஜோக்கரே வராது. ஆகவே விடுவது ஆட்டத்தில் அடிக்கடி வந்தே தீரும் வேலை.

கோவா கசினோக்களில் ஆடும் பிளாக்ஜாக்கில் இந்தக் கணக்கு இன்னும் கறாராக இருக்கும். உங்கள் கையில் 16, டீலர் காட்டுவது பத்து. இன்னொரு சீட்டு கேட்டால் பதின்மூன்றில் எட்டு பங்கு 21-ஐத் தாண்டித் தோற்றுவிடும். ஆனாலும் கேட்பதுதான் சரி. ஜெயிப்பதற்காக அல்ல, மயிரிழை குறைவாகத் தோற்பதற்காக. அமெரிக்க ராணுவத்தில் இருந்த நான்கு பேர் மேசைக் கணக்கு இயந்திரங்களை வைத்துக்கொண்டு எந்தக் கைக்கு எதைச் செய்வது என்று கணக்கிட்டு 1956-ல் வெளியிட்டார்கள். அப்படியே பிசகாமல் ஆடினாலும் நூறு ரூபாய்க்குச் சுமார் அரை ரூபாய் கசினோவுக்குத்தான்.

டெல்டாக்காரருக்கு இந்தக் கணக்கு தெரியாததா? 2024-ல் மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12-ல் திறக்கவில்லை, ஜூலை 28 ஆகிவிட்டது. போர்வெல் இல்லாதவர்களில் எத்தனையோ பேர் குறுவையை விட்டுவிட்டுச் சம்பாவுக்குக் காத்திருந்தார்கள். விதை, உழவு, நடவுக் கூலி எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து விட்ட ஸ்கூட் அது. அதே மனிதர் ஜமுக்காளத்தில், "ஒரே ஒரு சீட்டு வந்தாப் போதும் மாப்ளே" என்கிறார். வயலில் யோசிக்க வாரக்கணக்கில் நேரம் இருக்கிறது. இங்கே மூன்று ஆட்டம் தோற்ற சூடு, விட்டதைப் பிடிக்கும் வெறி, போதாததற்கு எதிரிலிருந்து ஒரு குரல்: "என்ன மாமா, பயந்துட்டீங்களா?" கணக்கு தெரியாமல் தோற்பவரைவிட இந்த ஒரு கேள்விக்காகத் தோற்பவர்களே அதிகம் என்று நினைக்கிறேன்.

விழும் சீட்டுகளை நினைவில் வைக்க வேண்டியிருப்பதால் ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டமே என்று 1967-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஜமுக்காளத்துக்கு அது பொருந்தும். ஆனால் செல்போனில் பணம் கட்டி ஆடிய ரம்மியில் நிறுவனம் தன் பங்கை எடுத்துக்கொண்டே இருந்தது. ஆறு பேரும் சமமான ஆட்டக்காரர்கள் என்றால், போகப் போக ஆறு பேர் பணமும் கரையும். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை மத்திய அரசு 2025 ஆகஸ்டில் சட்டம் போட்டுத் தடுத்ததை அதனால்தான் முழு மனதோடு வரவேற்கிறேன்.