நான்கு ஃப்ளோரின் நீலம்

மகத்தான ஓவியம் தனிமேதையின் உள்ளத்தில் பிறக்கிறது. கூலி, சந்தை, வாங்குபவர் பற்றிய பேச்சு அதைக் கொச்சைப்படுத்துகிறது என்பது பரவலான நம்பிக்கை. 1550இல் இத்தாலிய ஓவியர் வசாரி வெளியிட்ட கலைஞர் வரலாறுகள் அதற்கு உரமிட்டன. அதன் விளைவாகவே படைப்பும் பாணியும் கலை வரலாற்றுக்கு, கணக்கு வழக்கு கலைச் சமூகவியலுக்கு என்றொரு பாகப்பிரிவினை நிலைத்துவிட்டது. இந்தப் பிரிவினை படத்தையே சரியாகப் பார்க்க விடுவதில்லை.

ஃப்ளாரன்ஸில் அநாதைக் குழந்தைகள் இல்லத்தின் தலைவர் 1485இல் ஓவியர் கிர்லாந்தாயோவுடன் ஓர் ஒப்பந்தம் எழுதிக்கொண்டார். குழந்தை இயேசுவை மூன்று அரசர்கள் வணங்கும் படம். விலை 115 பெரிய ஃப்ளோரின். தவணை 30 மாதம். நீலம் அவுன்ஸுக்குச் சுமார் நான்கு ஃப்ளோரின் விலையுள்ளதாக இருக்க வேண்டும் என்றும் அதில் கண்டிருக்கிறது. லாபிஸ் லாசுலி என்ற கல்லை அரைத்து எடுக்கும் அந்த நிறம் ஆப்கானிஸ்தானிலிருந்து வந்தது. செம்பிலிருந்து கிடைத்த மலிவு நீலத்துக்கும் அதற்கும் உள்ள வேறுபாடு அன்றைய பார்வையாளர் கண்ணுக்குத் தப்பாது. அந்த உயர்ந்த நீலத்தை எங்கே பூசுவது என்பது பக்தியும் பணமும் சேர்ந்து எடுத்த முடிவு. இந்த நீலத்தைக் கணக்கில் சேர்ப்பதா, பாணியில் சேர்ப்பதா?

சமூகவியல் தரப்பிலும் பிழை உண்டு. ஃப்ளாரன்ஸ் ஓவியர் மசாச்சோவின் கட்டுக்கோப்பான பாணியை முன்னேறிய வணிக வர்க்கத்தோடு பிணைத்தார் கலை வரலாற்றாசிரியர் ஃபிரெடரிக் அன்டால் (1948). ஆனால் நகரின் பெருஞ்செல்வரான வங்கியாளர் பல்லா ஸ்ட்ரோட்சி வாங்கியதோ, ஜென்டிலே தா ஃபாப்ரியானோ 1423இல் முடித்த, பொன் தகதகக்கும் படம். வர்க்கத்தையும் பாணியையும் நேருக்கு நேர் பொருத்தினால் ஸ்ட்ரோட்சி எளிதில் அடங்கமாட்டார்.

கலை வரலாற்றாசிரியர் மைக்கேல் பாக்ஸன்டால் 1972இல் எழுதிய நூல் வேறு வழி காட்டியது: படத்தைப் பார்த்தவர்களின் கண் எதில் பழகியிருந்தது என்று கேட்பது. பதினைந்தாம் நூற்றாண்டில் பீப்பாய்க்கும் மூட்டைக்கும் நிலையான அளவு கிடையாது. வணிகர் கண்ணால் பார்த்துக் கணித முறையால் கொள்ளளவை மதிப்பிட வேண்டும். பள்ளியிலேயே அதைக் கற்றார்கள். ஓவியர் பியெரோ தெல்லா ஃபிரான்செஸ்கா வணிகர்களுக்கென்றே ஒரு கணித நூல் எழுதியவர். மொன்டெர்க்கியில் அவர் தீட்டிய கர்ப்பிணி மரியாளின் சுவரோவியத்தில் இரு தேவதூதர்கள் வட்டக் கூடாரத்தின் திரையை விலக்கி நிற்கிறார்கள். அந்தக் கூடாரத்தை உருளையும் கூம்புமாகப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் பார்த்தவர்களிடம் ஏற்கெனவே இருந்தது.

இதனால் பியெரோவின் மேதைமை குறைந்துபோகவில்லை. எல்லா வணிகருக்கும் தெரிந்த கணக்கைக் கொண்டு அந்தப் படத்தின் அமைதியை அவர் ஒருவரே கட்டினார். எது அவருடையது, எது ஊராருடையது என்று பிரித்தறிய ஊராரின் கண்ணையும் படிக்க வேண்டியிருக்கிறது. சமூகவியலாளர் பூர்தியூ 1981இல் பாக்ஸன்டால் நூலின் ஒரு பகுதியைத் தம் இதழில் பிரெஞ்சில் வெளியிட்டதும் அதனால்தான்.