கடன் பாவமா, சம்பளம் போதாமையா?

தவக்காலத்தின் இரண்டாவது ஞாயிறு பூசையில் பங்குத்தந்தை கடனைப் பற்றிப் பிரசங்கம் வைத்தார். வருமானத்துக்குள் வாழுங்கள், வட்டிக்கு வாங்காதீர்கள், கடனில்லாத கத்தோலிக்கக் குடும்பம்தான் நிம்மதியாகச் செபிக்கும் என்றார். பூசை முடிந்து மலை ஏறி லயத்துக்கு வரும்போது எங்களோடு நடந்து வந்த கொழுந்தெடுக்கும் அக்கா ஒருவர் கேட்டார்: "சாமி சொன்னது சரிதான் டீச்சர். ஆனா நம்ம வருமானமே கடனைக் கழிச்சிட்டுத்தானே கைக்கு வருது. அப்புறம் எதுக்குள்ள வாழுறது?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் இதை எழுதுகிறோம். இந்துச் சகோதரர்கள் இது வேதக்காரருக்கான பேச்சு என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். கடன்காரன் வாசலுக்கு வரும்போது எந்தச் சாமி படம் மாட்டிய வீடு என்று பார்ப்பதில்லை.

முதலில் எங்கள் வீட்டுக் கதை. 2017-இல் அம்மா குழுக்கடன் ஒன்று எடுத்தார். எங்கள் மூத்த பிள்ளைக்கு முதல் நன்மை, அதே மாதம் கூரைத் தகரமும் ஒழுகியது. ஐம்பதாயிரம் ரூபா. கிழமைக்கு 1,250 வீதம் 52 கிழமை கட்ட வேண்டும். மொத்தம் 65,000. "வருசத்துக்கு முப்பது வீதம்தான் அம்மா" என்றார் கம்பனிப் பையன். பள்ளிக்கூடத்தில் வட்டிக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற நாங்களும் தலையாட்டினோம். பிறகுதான் உட்கார்ந்து பார்த்தோம். ஆறாவது மாதம் முதலில் பாதியை ஏற்கெனவே திருப்பிக் கட்டிவிட்டோம், ஆனால் வட்டியோ முழு ஐம்பதாயிரத்துக்கும் ஓடிக்கொண்டிருந்தது. குறைந்துவரும் மீதியின் மேல் கணக்குப் போட்டால் உண்மையான வட்டி ஐம்பது வீதத்தையும் தாண்டிவிடுகிறது.

அந்த ஆண்டு அம்மாவின் அடிப்படை நாட்சம்பளம் 500 ரூபா. 2016 கூட்டு ஒப்பந்தப்படி வரவுக் கொடுப்பனவு, உற்பத்திக் கொடுப்பனவு எல்லாம் கிடைத்தால்தான் 730. மழைக்காலத்தில் நிறை குறைந்தால் அதுவும் இல்லை. ஆகவே கிழமையில் இரண்டரைப் பேர் கம்பனிக்கே போயிற்று. அம்மா காய்ச்சலில் படுத்த கிழமை அவருடைய தவணையைக் குழுவில் இருந்த மற்ற நான்கு பெண்களும் பங்கு போட்டுக் கட்டினார்கள். அடுத்த மாதம் அந்த நால்வரில் ஒருவர் தடுமாறியபோது அம்மா தோட்டை அடகு வைத்தார். இருபது வருடம் ஒரே மலையில் கூடையைப் பகிர்ந்த பெண்கள் பீலிக்கரையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றதைப் பார்த்தோம். வட்டியைவிட எங்களுக்கு வலித்தது அதுதான். தோடு இன்றுவரை திரும்பி வரவில்லை.

இது எங்கள் லயத்துக் கதை மட்டுமாக இருக்கவில்லை. 2018-இல் இலங்கைக்கு வந்த ஐ.நா. சுயாதீன நிபுணர் ஹுவான் பாப்லோ பொஹொஸ்லாவ்ஸ்கி, நுண்கடன் வட்டி சில இடங்களில் ஆண்டுக்கு 220 வீதம் வரை போவதாகச் சொன்னார். அதே ஆண்டில் நிதிக் கம்பனிகளின் நுண்கடனுக்கு 35 வீதம் என்ற உச்சவரம்பு வந்தது. 2021 மார்ச்சில் ஹிங்குராக்கொடையில் கடன்பட்ட பெண்கள் வாரக்கணக்கில் வீதியோரம் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். அவர்கள் பெரும்பாலும் சிங்கள விவசாயக் குடும்பத்துப் பெண்கள். நம் அக்காமாரின் கதையைத்தான் அவர்களும் வேறு பாஷையில் சொன்னார்கள்.

நம் முன்னோருக்குக் கடன் புதிதல்ல. இந்தியாவில் ஊரைவிட்டுக் கிளம்பும்போதே வழிச்செலவும் சாப்பாடும் முற்பணமாகக் கங்காணியின் கணக்கில் ஏறிவிடும். தோட்டம் மாற வேண்டுமானால் 'துண்டு' வேண்டும். இந்த ஆளின் கடனைக் கட்டினால் விடுவிக்கிறோம் என்று பழைய தோட்டம் எழுதிக்கொடுக்கும் கடதாசி அது. புதிய தோட்டம் அந்தக் கடனைக் கட்டும், கட்டிய தொகை மறுபடி தொழிலாளி தலையிலேயே விழும். அப்படி மலை மாறினாலும் கடன் கூடவே வந்தது. 1921-இல் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வர 1927 ஆயிற்று. இந்த இரண்டு ஆண்டுகளையும் எங்கள் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டுவோம். கடனை ஒழித்தோம் என்று சொன்ன பிறகு, கடன் வாங்காமல் வாழக்கூடிய கூலியைப் பற்றிப் பேசவே ஆறு வருடம் ஆனது.

வேதாகமத்தில் கடனைப் பற்றிப் பிரசங்கம் வைக்க எத்தனையோ பகுதிகள் உண்டு. எங்களுக்குப் பிடித்தது நெகேமியா புத்தகத்தின் ஐந்தாம் அதிகாரம். பஞ்சத்தில் தானியத்துக்காக நிலத்தையும் வீட்டையும் அடகு வைத்தவர்கள், அரசனுக்கு வரி கட்டக் கடன் வாங்கியவர்கள், பிள்ளைகளை அடிமையாக விட்டவர்கள் எல்லாரும் மனைவிமாரோடு சேர்ந்து கூக்குரல் இடுகிறார்கள். ஆளுநர் நெகேமியா அவர்களைப் பார்த்துச் சிக்கனமாக வாழுங்கள் என்று சொல்லவில்லை. கடன் கொடுத்த பெரியவர்களைச் சபை கூட்டி நிறுத்துகிறார். நிலத்தைத் திருப்பிக் கொடு, வாங்கிய வட்டியையும் திருப்பிக் கொடு என்கிறார். தானும் தன் ஆட்களும் கடன் கொடுத்திருப்பதை அதே கூட்டத்தில் ஒப்புக்கொள்ளவும் செய்கிறார். ஒரு தொழிற்சங்கக் கூட்டத்துக்கு இதைவிட நல்ல வாசகம் கிடைக்காது.

திருச்சபையின் போதனையும் அப்படித்தான். 1891-இல் பாப்பரசர் 13ஆம் லியோ தொழிலாளர் நிலை பற்றி எழுதிய 'ரேரும் நோவாரும்' சுற்றுமடலில் கொள்ளை வட்டியைக் கண்டித்தார். அதே மடலில், சிக்கனமாக வாழும் தொழிலாளியின் பிழைப்புக்குக் கூலி போதாமல் இருக்கக் கூடாது என்றும் சொன்னார், தொழிலாளர் சங்கம் சேருவதை ஆதரித்தும் எழுதினார். இரண்டே வருடத்தில், 1893-இல், கண்டி அம்பிட்டியவில் குருமடம் தொடங்கியதும் அதே லியோதான். பேராதனையிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணித்தியாலத்துக்குள் அங்கே போய் நிற்கலாம். கண்டியிலேயே 1972-இல் சத்தியோதய நிலையத்தைத் தொடங்கிய இயேசு சபைக் குரு போல் கஸ்பர்ஸ், தோட்ட மக்களின் கூலியையும் குடியுரிமையையும் பற்றி ஆயுள் முழுக்கப் பேசினார். ஆகவே பங்குத்தந்தையிடம் மரியாதையோடு நாங்கள் கேட்பது ஒன்றுதான்: கடனைப் பற்றிய பிரசங்கத்தின் மற்றப் பாதியையும் ஒரு ஞாயிறு வையுங்கள் சாமி. 2025 யூபிலி ஆண்டாகவும் இருந்ததே. கட்ட முடியாத நாடுகளின் கடனைத் தள்ளுங்கள் என்று அப்போதைய பாப்பரசர் பிரான்சிஸ் பணக்கார நாடுகளைக் கேட்டார்.

நாட்டுக் கடனையே எடுத்துக்கொள்வோம். 2022 ஏப்பிரலில் இலங்கை அரசாங்கம் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. பிறகு கடன்காரர்களோடு உட்கார்ந்து பேசி, தவணையை நீட்டி, வட்டியைக் குறைத்து 2024-இல் உடன்பாடுகள் செய்தது. அதை யாரும் பாவம் என்று சொல்லவில்லை, மறுசீரமைப்பு என்று பெயர் வைத்தார்கள். லயத்தில் ஒரு அம்மா ஒரு கிழமைத் தவணை கேட்டால் மட்டும் ஒழுக்கம் கெட்டுப்போய்விடுகிறதா?

இதையெல்லாம் சொல்லிவிட்டு நம் பக்கத்துப் பிழையை மறைத்தால் நியாயமில்லை. அன்றைக்கு முதல் நன்மைக்குச் சட்டை கண்டியில்தான் தைக்க வேண்டும், கேக் மூன்று தட்டு வேண்டும் என்று நின்றது நாங்கள்தான், கம்பனி அல்ல. பிள்ளைக்கு அந்தக் கேக்கின் ருசிகூட இப்போது ஞாபகமில்லை. சடங்கு வீட்டுக்கு மண்டபம், சோடனை, வீடியோ என்று கடன் ஏறுவதை எல்லாத் தோட்டத்திலும் பார்க்கிறோம். எங்கள் இளையவருக்கு முதல் நன்மை வந்தபோது அக்காவின் சட்டையைத்தான் பிடித்துத் தைத்துப் போட்டோம், வந்தவர்களுக்குத் தேத்தண்ணியும் ரொட்டியும் சம்பலும். இரண்டொருவர் முணுமுணுத்தார்கள். முணுமுணுப்புக்கு வட்டி இல்லை.

சங்கத்தின் பிழையும் உண்டு. ஒவ்வொரு தீபாவளிக்கும் முற்பணத் தொகையைக் கூட்டி வாங்கிக் கொடுத்ததை வெற்றி என்று நோட்டீஸ் ஒட்டுகிறோம். முற்பணம் நம் சம்பளமே, அடுத்த வருடத்திலிருந்து எடுத்து இந்த வருடம் தருகிறார்கள். 2024-இல் வந்த 1,350 ரூபா நாட்சம்பளத்தில் இருபது பேர் போட்டால் 27,000. சேமலாப நிதிக்கு எட்டு வீதம் 2,160 கழிந்தால் மிச்சம் 24,840. இருபதாயிரம் முற்பணம் வாங்கியவருக்குப் பத்து மாதம் இரண்டாயிரம் வெட்டினால் 22,840. கோவில் பணம், சந்தா, கடைப்பற்று இன்னும் கழியவில்லை. அந்த இடைவெளியில்தான் குழுக்கடன் பையன் மோட்டார் சைக்கிளை நிறுத்துகிறான். முற்பணம் வேண்டாம் என்று சொல்லவில்லை, பண்டிகைக்குப் பிள்ளைக்கு உடுப்பு வேண்டும்தான். ஆனால் அதைக் கூலி உயர்வுக்குப் பக்கத்தில் வைத்துப் போற்றுவதை நிறுத்த வேண்டும் என்று மாவட்டக் கூட்டத்தில் சொன்னோம். சில தலைவர்களுக்கு ருசிக்கவில்லை. இங்கேயும் எழுதிவிடுகிறோம்.

கம்பனிக்குப் போகாமல் என்ன செய்வது என்பார்கள். இந்த நாட்டில் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கு 1911-இலேயே சட்டம் வந்துவிட்டது. தளர்ந்து கிடந்த அந்தச் சங்கங்களை 1978-இல் பி. ஏ. கிரிவந்தெனிய சணச என்ற பெயரில் திரும்பக் கட்டியெழுப்பினார். கிராமத்துச் சிங்கள மக்கள் அதைத் தங்களுடையது ஆக்கிக்கொண்டார்கள், தோட்டத்தில் நாம் பெரும்பாலும் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டோம். நமக்கு இது முடியாத காரியமும் அல்ல. மரண உதவிச் சங்கத்துக்கு மாதம் தவறாமல் காசு சேர்த்து, சாவு விழுந்த அன்றைக்கே கையில் கொடுக்கிறோமே. செத்தவருக்குக் கணக்கு வைக்கத் தெரிந்த நமக்கு, இருப்பவருக்கு வைக்கத் தெரியாதா? எங்கள் லயத்தில் பதினொரு குடும்பம் சென்ற வருடம் ஆரம்பித்தோம். மாதம் ஐந்நூறு. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கூரை, இந்த மூன்றுக்கும் மட்டும் கொடுக்கிறோம், மீதியின் மேல் மாதம் நூற்றுக்கு ஒன்று வாங்குகிறோம். சடங்குக்கும் திருவிழாவுக்கும் கொடுப்பதில்லை என்று எழுதி வைத்ததில் இரண்டு குடும்பம் கோபித்துக்கொண்டு விலகியது. ஒன்று திரும்பி வந்தது. தொகை சிறியதுதான், கம்பனிக் கடனை மூட இது காணாது. ஆனால் காய்ச்சல் வந்த கிழமைக்குக் காணும்.

இந்த மாதச் சம்பளத் துண்டைக் கசக்கி எறிந்துவிடாதீர்கள். கடன் புத்தகம் இருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். சம்பளத்துக்கு அடுத்த சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்குப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு அறை திறந்திருக்கும். எதை எவ்வளவு வெட்டியிருக்கிறார்கள், உண்மையான வட்டி எவ்வளவு என்று வரிவரியாகப் பார்ப்போம். அம்மாவும் தன் பழைய புத்தகத்தோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.