அந்தாலியாவுக்குப் போகும் வழியில் குடிகாடு



பரங்கிப்பேட்டையிலிருந்தும் சிதம்பரத்திலிருந்தும் சென்னை விமான நிலையம் நோக்கிப் புறப்படும் நம் குடும்பங்களின் வாகனங்கள் குடிகாட்டைக் கடந்தே கடலூரை அடைகின்றன. சிப்காட் ஆலைகளின் நெடி மூக்கைத் தொட்டதும் நாம் வண்டியின் கண்ணாடிகளை ஏற்றிவிடுகிறோம். குழந்தை ஏனென்று கேட்டால், "இங்கே இப்படித்தான்" என்கிறோம். சில நிமிடங்களில் கண்ணாடிகள் மீண்டும் இறங்குகின்றன. அங்கேயே குடியிருப்பவர்கள் எந்தக் கண்ணாடியை ஏற்றுவார்கள்?

வளைகுடா நாடுகளிலும் சிங்கப்பூரிலும் உழைத்துச் சேர்த்த பொருளைக் கொண்டு துருக்கியின் கடற்கரை நகரங்களுக்குச் சென்றுவருவது அண்மைக் காலத்தில் நம்மிடையே ஒரு பெருமையாக வளர்ந்துள்ளது. அந்தாலியா, அலன்யா, போத்ரும் என்னும் பெயர்கள் திருமண வீடுகளில் புழங்குகின்றன. உம்ராவோடு துருக்கியையும் இணைத்து விற்கிறார்கள். இறையில்லத்தைத் தரிசித்த கண்கள் ஈரம் காயுமுன் நீச்சல் குளத்தைத் தேடுவதில் நமக்கு உறுத்தல் எதுவும் ஏற்படுவதில்லை.

பயணத்தை நாம் எதிர்க்கவில்லை. பூமியில் சுற்றித் திரிந்து, முன்சென்ற சமுதாயங்களின் முடிவைக் கண்டு படிப்பினை பெறுமாறு திருமறையே நம்மை ஏவுகிறது. ஆயின், படிப்பினை பெற்றுத் திரும்பியவர் எத்தனை பேர்? அலன்யாவின் செங்கோபுரம் செல்ஜூக் சுல்தான் அலாவுத்தீன் கைகுபாதின் காலத்தில், 1226இல் எழுப்பப்பட்டது. அந்நகரின் பெயரே அவர் பெயரிலிருந்து பிறந்ததுதான். போத்ருமின் புகழ்பெற்ற கோட்டையைக் கட்டியவர்களோ சிலுவைப் போர் மரபில் வந்த கிறித்தவ வீரர்கள். அக்கோபுரத்தின் முன்னும் அக்கோட்டையின் முன்னும் நின்று படம் எடுத்தோர் பலர். அவற்றின் வரலாற்றைத் தம் பிள்ளைகளுக்குச் சொன்னோர் சிலரே. தொலைக்காட்சித் தொடர் ஒன்று ஊட்டிய மயக்கத்தை நாம் வரலாற்று அறிவென்று எண்ணிக்கொள்கிறோம்.

நம் முன்னோருக்கும் துருக்கியோடு உறவு இருந்தது. 1900இல் தொடங்கி 1908இல் மதீனாவை எட்டிய ஹிஜாஸ் இரயில் பாதைக்கு இந்திய முஸ்லிம்கள் நன்கொடை அனுப்பினார்கள். 1912இல் பால்கன் போரில் காயமுற்றோருக்குச் சிகிச்சை அளிக்க டாக்டர் அன்சாரி மருத்துவக் குழுவோடு அங்கே சென்றார். அன்று உம்மத்தின் துயர் துடைக்கப் பொருள் சென்றது. இன்று நம் பொழுதைப் போக்கச் செல்கிறது.

"அங்கே மது இல்லாத விடுதிகள் உண்டு, பெண்களுக்குத் தனிக் குளம் உண்டு, எல்லாம் ஹலால்" என்று பதில் வருகிறது. உணவு ஹலால் என்பதை ஏற்கிறோம். அந்தப் பயணத்திற்குக் கட்டிய பணம்? நகையை வட்டிக்கு அடகு வைத்தும், வங்கியில் தனிநபர் கடன் வாங்கி மாதத் தவணை கட்டியும் சென்றுவருவோர் நம்மிடையே இல்லையென்று நெஞ்சைத் தொட்டுச் சொல்ல முடியுமா? இறைச்சி அறுக்கப்பட்ட முறையை நுணுகி விசாரிக்கும் நாம், பயணச்சீட்டில் படிந்துள்ள வட்டியை விசாரிப்பதில்லை. வீண் விரயத்தைத் திருமறை எவ்வளவு கடுமையாகக் கண்டிக்கிறது என்பது நாம் அறியாததும் அன்று.

பெண்களின் வாதத்தை மட்டும் நாம் எளிதாகத் தள்ளிவிட மாட்டோம். "ஆண்டு முழுவதும் அடுப்படியில் நிற்கிறோம், கடற்கரை ஊரில் பிறந்தும் கூச்சமின்றிக் கடலில் கால் நனைக்க எங்களுக்கு இடமில்லை" என்று அவர்கள் சொன்னால் அது முற்றிலும் நியாயம். வெட்கப்பட வேண்டியவர்கள் நாம். தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையிலோ பரங்கிப்பேட்டைக் கரையிலோ பெண்களும் குழந்தைகளும் அச்சமின்றி அமர ஓர் ஒதுக்கிடம், நல்ல கழிப்பறை, போதிய விளக்கு வேண்டுமென்று நம் ஜமாஅத்துகள் எத்தனை முறை மனுக் கொடுத்தன? வசதியுள்ள குடும்பத்துப் பெண்ணுக்கு அந்தாலியா கிடைத்துவிடுகிறது. மற்றப் பெண்களுக்கு எது கிடைக்கிறது?

குடிகாட்டுக்குத் திரும்புவோம். 1980களில் உப்பனாற்றங்கரையில் தொழிற்பேட்டை வந்தது. அன்றுமுதல் அச்சுற்றுவட்டாரத்து மக்கள் நெடியையும் கெட்டுப்போன நீரையும் பற்றி முறையிட்டு வருகிறார்கள். 2021 மே 13 அன்று அங்குள்ள பூச்சிமருந்து ஆலை விபத்தில் 4 பேர் மாண்டனர். 2025 மே மாதம் சாயக் கழிவுநீர்த் தொட்டி ஒன்று வெடித்து, நச்சுநீர் குடிகாட்டின் வீடுகளுக்குள் புகுந்தது. அண்டை வீட்டார் பசித்திருக்கத் தான் வயிறார உண்பவனின் ஈமானை நபி (ஸல்) அவர்கள் ஏற்கவில்லை. அண்டையார் மூச்சுத் திணறக் கண்ணாடியை ஏற்றிக்கொள்பவனைப் பற்றி என்ன சொல்லியிருப்பார்கள்? பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளை என்று போதிக்கப்பட்ட சமுதாயம் அல்லவா நாம்?

நம்மால் இயலாது என்று எவரும் சொல்ல வேண்டாம். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை கடலூர் மாவட்டத்தில் 600க்கும் மேற்பட்டோரைக் கொண்டு சென்றபோது, பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார் மதம் பாராமல் மீனவக் குடும்பங்களுக்குச் சமைத்துப் போட்டார்கள். நம் இளைஞர்கள் சடலங்களைத் தேடி எடுத்தார்கள். அந்தக் கைகள் இன்னும் நம்மிடம்தான் உள்ளன.

ஆகவே நாம் வேண்டுவது இதுவே. வசதியுள்ளோர் செல்லட்டும், கடனும் வட்டியுமின்றிச் செல்லட்டும், வரலாற்றைப் படித்துவிட்டுச் செல்லட்டும், ஏழை உறவினரின் கண்முன் படங்களைப் பரப்பாதிருக்கட்டும். அப்பயணச் செலவில் ஒரு பங்கைச் சொந்தக் கரைக்கென ஒதுக்கட்டும். ஒவ்வொரு மஹல்லாவும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அனுப்பப்படும் முறையீட்டில் குடிகாட்டு மக்களோடு சேர்ந்து கையொப்பமிடட்டும்.

அடுத்தமுறை குடிகாட்டைக் கடக்கையில் கண்ணாடியைச் சற்றே இறக்கி வைப்போம். குழந்தை காரணம் கேட்டால் உண்மையைச் சொல்வோம். அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்லுணர்வை அருள்வானாக.

வஸ்ஸலாம்.