ஓராண்டு அயல்நாட்டுத் தொண்டு: வீட்டுக் கணக்கு எங்கே இடிக்கிறது?

ஐக்கிய நாட்டு நிறுவனம் 2026-ஆம் ஆண்டை அனைத்துலகத் தன்னார்வலர் ஆண்டாக அறிவித்திருக்கிறது. இதற்கு முன் 2001-ஆம் ஆண்டும் இவ்வாறு அறிவிக்கப்பட்டது. பள்ளியையோ பல்கலைக்கழகத்தையோ முடித்த கையோடு வேறொரு நாட்டில் ஓராண்டு தங்கித் தொண்டு செய்துவிட்டு வருவது ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் இளையோருக்குப் புதிய செய்தியன்று. மலேசியத் தமிழ்க் குடும்பங்களில் மட்டும் அது இன்னும் அரிதாகவே இருக்கிறது. பிள்ளைகளிடம் ஆர்வம் இல்லை என்று சொல்லிவிடுவது எளிது. கோயில் திருவிழாவிலும் வெள்ள நிவாரணத்திலும் அவர்களைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். இடிப்பது வீட்டுக் கணக்குதான்.

மலேசியாவுக்கு இத்தகைய தொண்டர்கள் அந்நியர் அல்லர். 1958-இல் பிரிட்டனில் தொடங்கப்பட்ட வி.எஸ்.ஓ. தன் முதல் தொண்டர்களில் சிலரைச் சரவாக்கிற்கு அனுப்பியது. அமெரிக்காவின் பீஸ் கோர்ப்ஸ் 1962 முதல் 1983 வரை இங்கு இயங்கியது. நான்காயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்து போயினர். ஜப்பானிய இளையோர் 1966 முதல் வரத் தொடங்கினர். சிற்றூர்ப் பள்ளிகளில் தங்களுக்கு அறிவியலும் கணிதமும் ஆங்கிலமும் கற்பித்த அமெரிக்க ஆசிரியர்களைப் பற்றி அந்தத் தலைமுறையினர் இன்றும் பேசுவதுண்டு. அவர்களுடைய பயணச் செலவு, மாதப்படி, மருத்துவம் அனைத்தையும் அமெரிக்க அரசே ஏற்றது. பணி முடித்து ஊர் திரும்பியபோது வாழ்க்கையை மீண்டும் தொடங்குவதற்கென்று ஒரு தொகையையும் கொடுத்தது. தொண்டு என்பது வெறுங்கையோடு போவதில்லை என்பதை அந்த நாடு தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தது.

இன்று இந்த ஏற்பாட்டை விரிவாக நடத்தும் நாடுகளில் ஒன்று ஜெர்மனி. 2008-இல் அந்நாட்டு வளர்ச்சி ஒத்துழைப்பு அமைச்சு தொடங்கிய 'வெல்ட்வேர்ட்ஸ்' திட்டத்தில், 18 முதல் 28 வயது வரையுள்ள ஜெர்மானிய இளையோர் ஆப்பிரிக்கா, ஆசியா, லத்தீன் அமெரிக்க நாடுகளுக்குப் பெரும்பாலும் ஓராண்டு போகிறார்கள். செலவில் பெரும்பகுதியை அரசு ஏற்கிறது. அப்படியிருந்தும், போகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் பல்கலைக்கழகத்துக்குச் செல்லும் தகுதியோடு பள்ளி முடித்தவர்கள். தொழிற்கல்விப் பின்னணி கொண்டவர்கள் குறைவு. செலவைக் குறைத்துவிட்டால் எல்லாரும் போய்விடுவார்கள் என்று நினைப்பதும் தவறு என்பதற்கு இது சான்று. ஓராண்டு சம்பளம் இல்லாமல் இருந்தால் வீடு தாங்குமா என்ற கேள்வி அங்கும் உண்டு.

2013-இல் இத்திட்டத்தில் எதிர்ப்பாதையும் திறக்கப்பட்டது. வளரும் நாட்டு இளையோர் ஜெர்மனிக்கு வந்து ஓராண்டு தொண்டு செய்யலாம். இத்திட்டத்துக்கு வெளியே, நேரடியாக விண்ணப்பித்து வருவோரும் இருக்கிறார்கள். ஆனால் ஜெர்மனியிலிருந்து ஆயிரக்கணக்கில் போகிறார்கள் என்றால், இந்த எதிர்ப்பாதையில் வருவோர் நூற்றுக்கணக்கில்தான். போகிறவருக்கு விசா பெரும்பாலும் ஒரு சடங்கு. வருகிறவருக்கு அது ஒரு தேர்வு. திரும்பிப் போவார் என்று தூதரகத்தை நம்ப வைப்பது வருகிறவரின் பொறுப்பாகிவிடுகிறது.

வந்து சேர்பவர் செய்யும் வேலை என்ன? முதியோர் இல்லம், உடற்குறையுள்ளோர் காப்பகம், மருத்துவமனை, பாலர் பள்ளி ஆகியவையே பெரும்பாலும் கிடைக்கும் இடங்கள். கட்டாய இராணுவச் சேவையை ஜெர்மனி 2011-இல் நிறுத்தி வைத்தது. படைக்குப் போக மறுத்து முதியோர் இல்லங்களில் பணியாற்றிய இளைஞர்களின் வரவும் அதோடு நின்றது. அந்த இடத்தை நிரப்பவே 'கூட்டரசுத் தன்னார்வச் சேவை' அதே ஆண்டு ஜூலையில் தொடங்கப்பட்டது. இளையோருக்கு இது பெரும்பாலும் முழுநேர வேலை. கிழமைக்கு நாற்பது மணி நேரம் வரை போகும். முதியவரை எழுப்புவது, குளிக்க உதவுவது, காலை உணவு ஊட்டுவது, பேச்சுத்துணையாக இருப்பது என்று நாள் நகரும். ஓராண்டில் 25 நாள் பயிற்சி வகுப்பு உண்டு. மருத்துவக் காப்புறுதி உள்ளிட்ட சமூகப் பாதுகாப்புச் சந்தாவை நிலையமே கட்டுகிறது.

பணம்? சம்பளம் என்று எதுவும் கிடையாது. கைச்செலவுப் பணம் உண்டு. 2025-இல் அதன் உச்சவரம்பு மாதம் 644 யூரோ. ரிங்கிட்டில் ஏறத்தாழ மூவாயிரம். இங்குள்ள குறைந்தபட்ச சம்பளமான 1,700 ரிங்கிட்டோடு ஒப்பிட்டுப் பார்த்து மலைத்துவிடக் கூடாது. உச்சவரம்பு வேறு, கைக்கு வருவது வேறு. தங்குமிடமும் உணவும் தரும் நிலையங்கள் இதைவிடக் கணிசமாகக் குறைத்தே கொடுக்கின்றன. தங்குமிடம் தராத நிலையம் என்றால், பெரிய நகரங்களில் ஓர் அறை வாடகையே அந்தப் பணத்தில் பெரும்பங்கை விழுங்கிவிடும். வீட்டுக்கு அனுப்ப மிஞ்சாது.

அந்த வாழ்க்கையின் மற்றக் கடினங்களைத் தகவல் ஏடுகள் சொல்வதில்லை. டிசம்பரில் பெர்லினில் மாலை நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் பெரும்பாலான கடைகள் அடைப்பு. தீபாவளி மற்றொரு வேலைநாள். மலேசியாவுக்கும் ஜெர்மனிக்கும் குளிர்காலத்தில் ஏழு மணி நேரம், கோடையில் ஆறு மணி நேர வேறுபாடு. பிள்ளை மாலை ஐந்து மணிக்கு வேலை முடிந்து கைப்பேசியை எடுக்கும்போது இங்கே நள்ளிரவு. விடிகாலையில் பெரட்டுக்குப் போக வேண்டிய தாய் தூங்கியிருப்பார். தூங்காமல் காத்திருந்தால் இன்னும் கடினம். பேச்சு வழக்கு புரியாத முதல் மூன்று மாதங்களில், முதியவர் எதற்குக் கோபிக்கிறார் என்பதுகூட விளங்காமல் நிற்க வேண்டிவரும். அதைக் கடந்தவர்களிடம் மொழி வந்து சேர்கிறது, தனியாக நிற்கும் துணிவும் வருகிறது.

இன்னொன்றையும் மறைக்காமல் பேச வேண்டும். தொண்டர், சம்பள ஊழியரின் இடத்தைப் பிடிக்கக் கூடாது என்பது அந்நாட்டுச் சட்டத்தின் நிபந்தனை. முதியோர் பராமரிப்புத் துறையிலோ ஆள் பற்றாக்குறை கடுமை. ஆள் இல்லாத காலை வேளையில், கூடுதல் கையாக வந்தவர் வேலை செய்தே தீர வேண்டிய கையாக மாறிவிடுவது நடக்கக்கூடியதே. அதே வேளையில், அண்டை நாடான இந்தோனேசியாவின் இளையோர் பலர் இந்த ஓராண்டை ஒரு வாசலாகவே பார்க்கிறார்கள். ஓராண்டு தொண்டு, அதன்பின் அங்கேயே தாதிமைப் பயிற்சி. பயிற்சிக் காலத்தில் மாதம் ஆயிரம் யூரோவுக்கு மேல் கிடைக்கும். இதைச் சுயநலம் என்று பழிப்பதற்கில்லை. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு ஓராண்டு அனுபவமாக இருப்பது, வசதியற்ற வீட்டுப் பிள்ளைக்கு ஒரு வழியாகவும் இருந்தால்தான் அவரால் போக முடியும்.

பணம் கட்டித் தொண்டு செய்யச் சொல்லும் நிறுவனங்கள் முற்றிலும் வேறு வகை. கம்போடியாவில் 2005-க்கும் 2010-க்கும் இடையே ஆதரவற்றோர் இல்லங்கள் 75 விழுக்காடு பெருகின. அங்கிருந்த பிள்ளைகளில் ஏறத்தாழ நான்கில் மூவருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருந்தனர். வெளிநாட்டுத் தொண்டர்களும் அவர்கள் தரும் பணமும் வரவே, பிள்ளைகள் அதற்குத் தேவைப்பட்டனர். யுனிசெஃப் இதை எதிர்த்துப் பேசிவருகிறது. ஐ.நா. தன்னார்வலர் திட்டமோ விண்ணப்பக் கட்டணம் எதையும் வாங்குவதில்லை. 18 முதல் 26 வயதினருக்கென்றே தனிப் பிரிவு வைத்து, வாழ்க்கைப்படியும் காப்புறுதியும் தருகிறது. ஆகவே, முன்பணம் கேட்கும் முகவரிடம் அது எதற்கு, யாருக்குப் போகிறது என்று கேட்டே ஆக வேண்டும். வேலை என்று நம்பிக் கம்போடியாவுக்கும் மியன்மாருக்கும் போய் மோசடிக் கும்பல்களிடம் சிக்கிய மலேசிய இளையோரின் செய்திகளுக்குப் பிறகு, பெற்றோர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஒப்பந்தத்தில் நிலையத்தின் பெயர், வேலை நேரம், தங்குமிடம், காப்புறுதி, திரும்பும் பயணச்சீட்டு ஆகியவை எழுத்தில் இல்லையென்றால் கடப்பிதழை வெளியே எடுக்கவே வேண்டாம்.

நம் நாட்டில் உயர்கல்வி மாணவர்களுக்கான தொண்டூழியத் திட்டங்கள் உண்டு. அவற்றில் வெளிநாட்டுப் பயணங்கள் குறுகிய காலத்துக்கானவை. அதில் குடும்ப வருமானம் அடிபடுவதில்லை. ஓராண்டு என்றால் கதை வேறு. மூத்த பிள்ளையின் சம்பளத்தில் மோட்டார் சைக்கிள் தவணை போகிறது, தம்பியின் கல்லூரிச் செலவு போகிறது, பிடிபிடிஎன் கடனும் நிற்கிறது. அந்த ஓராண்டுக்கு ஊழியர் சேமநிதியிலும் ஒன்றும் சேராது. உபகாரச் சம்பளத்துக்கும் பரிசளிப்புக்கும் ஆண்டுதோறும் நிதி திரட்டும் சமூக அமைப்புகள், ஒரே ஒரு பிள்ளையின் வீட்டுக்கு ஓராண்டு இந்தத் தவணைகளைக் கட்டிப் பார்த்தால் என்ன? மேடையும் மாலையும் தேவைப்படாத செலவு என்பதால்தான் இது யாருக்கும் தோன்றவில்லை போலும்.

ஜெர்மனியில் சேவையாண்டு பெரும்பாலும் ஆகஸ்டிலோ செப்டம்பரிலோ தொடங்குகிறது. நிலையம் தேடுவதும் விசா நேர்காணலும் அதற்குப் பல மாதங்களுக்கு முன்பே நடக்க வேண்டும். அதற்கும் முன் ஓரளவாவது ஜெர்மன் பேச வர வேண்டும். கோலாலம்பூரில் கோதே நிலையம் வகுப்பு நடத்துகிறது. சித்தியவானிலோ பாகான் செராயிலோ இருக்கும் பிள்ளைக்கு அந்த வகுப்புக் கட்டணமும் தேர்வெழுதத் தலைநகர் வந்து போகும் பேருந்துச் செலவும்தான் முதல் தவணை. இதுவரை அதை அந்தப் பிள்ளையின் வீடே கட்ட வேண்டியிருக்கிறது.