ஆடிட்டர் பரீட்சை

சென்னைக்கு மேற்கே ரயில் பாதையை ஒட்டி வளர்ந்திருக்கும் அம்பத்தூர், திருமுல்லைவாயில், ஆவடி முதலிய ஊர்களிலும், நெடுங்காலம் ரயில் இல்லாமல் நெடுஞ்சாலையையே நம்பியிருந்த பூந்தமல்லியிலும், கல்யாண வீட்டில் கேட்கப்படும் ஒரு கேள்வியும் அதற்குச் சொல்லப்படும் ஒரு பதிலும் உண்டு. "பிள்ளை என்ன செய்கிறான்?" என்பது கேள்வி. "சி.ஏ. படிக்கிறான்" என்பது பதில். முதல் வருஷம் தகப்பனார் இதைப் பெருமையோடு சொல்கிறார். மூன்றாம் வருஷம் குரல் சற்றுத் தாழ்ந்துவிடுகிறது. ஐந்தாம் வருஷம், கேள்வி கேட்பவர் உட்கார்ந்திருக்கும் பக்கமே அவர் போவதில்லை.

பெண் பிள்ளைகள் விஷயத்திலும் இதே கதைதான். அத்துடன் வரன் பார்க்கும் கவலையும் சேர்ந்து கொள்கிறது. ஆகையால் இந்த வாரம் இந்தப் பரீட்சையைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

முதலில் இதன் பூர்வோத்தரத்தைத் தெரிந்து கொள்வது நல்லது. வெள்ளைக்காரர் ஆட்சியில் பெரிய கம்பெனிகளின் கணக்கைப் பரிசோதிக்கும் தொழில் பெரும்பாலும் சீமையில் தேறி வந்தவர்களின் கையில் இருந்தது. 1918-ஆம் வருஷம் பம்பாயில் ஸர்க்கார் கணக்கியல் டிப்ளமா ஏற்பட்டது. சுதந்திரம் வந்த பிறகு, நமது அரசியல் சட்டம் அமலுக்கு வருவதற்கும் முன்னரே, 1949-ஆம் வருஷம் ஜூலை மாதம் 1-ஆம் தேதி, பட்டயக் கணக்கர் சட்டம் அமலாகி, இத்தொழிலுக்கென நமக்குச் சொந்தமான ஸ்தாபனம் உண்டாயிற்று. இன்றைக்கும் பரீட்சை நடத்துவது அந்த ஸ்தாபனந்தான்.

இதில் தமிழ்நாட்டுக்குத் தனிப் பெருமை ஒன்று உண்டு. இந்தியாவிலேயே முதன்முதலாகக் கணக்குப் பரிசோதகரான பெண்மணி ஸ்ரீமதி ஆர். சிவபோகம். சென்னை ராணி மேரிக் கல்லூரியில் படித்தவர். சுதேசி இயக்கத்தில் ஈடுபட்டு வேலூர்ச் சிறையில் ஓராண்டு இருந்தவர். வெளியே வந்து டிப்ளமாப் பரீட்சை எழுதி 1933-இல் தேறினார். ஆனால் சிறை சென்றவர்கள் கணக்கராகப் பதிவு செய்து கொள்ளக் கூடாது என்று விதி குறுக்கே நின்றது. அம்மையார் சும்மா இருக்கவில்லை. நீதிமன்றத்தில் வழக்காடி உரிமையைப் பெற்றார். பின்னர் 1955 முதல் 1958 வரையில் ஸ்தாபனத்தின் தென்னிந்தியப் பிராந்திய சபைக்குத் தலைமையும் வகித்தார். பாடம் கடினமாயிருக்கிறது என்று மனம் சோர்கிறவர்கள், இவருக்கு இருந்த தடைகளை ஒரு நிமிஷம் நினைத்துப் பார்க்கட்டும்.

நிற்க. பரீட்சை கடினமானதுதான், அதை மறைப்பதில் பயனில்லை. 2024 நவம்பரில் இறுதிப் பரீட்சையின் இரண்டு தொகுதிகளையும் ஒருங்கே எழுதியவர்களில் நூற்றுக்கு 13 பேருக்குச் சற்று அதிகமானவர்களே இரண்டிலும் தேறினார்கள். ஆயினும் மற்ற 86 பேரும் மந்த புத்தி உள்ளவர்கள் என்று நாம் எண்ணவில்லை. பலர் பாடத்தைப் படித்திருக்கிறார்கள். பரீட்சையின் கணக்கைப் படிக்கவில்லை.

அந்தக் கணக்கு இதுதான்: ஒவ்வொரு பாடத்திலும் 100-க்கு 40 வேண்டும், தொகுதி முழுவதிலும் சராசரி 50 வேண்டும். இடைநிலையிலும் இறுதியிலும் தொகுதிக்கு மூன்று பாடங்கள். ஆக 300-க்கு 150. ஒரு மாணவர் 70, 65, 38 என்று வாங்கினால் கூட்டுத் தொகை 173, ஆனாலும் தேறவில்லை. மற்றொருவர் மூன்றிலும் 40 வாங்கினால் கூட்டுத் தொகை 120, அவரும் தேறவில்லை. ஆகவே, பிடித்த பாடத்தில் 70-ஐ 80 ஆக்குவதற்குச் செலவிடும் மாதத்தைப் பிடிக்காத பாடத்தில் 38-ஐ 50 ஆக்குவதற்குச் செலவிடுவதே விவேகம். ஆனால் மனித சுபாவமோ இதற்கு நேர்மாறானது.

முதலில் சொன்ன மாணவரின் உழைப்பும் அடியோடு வீணாவதில்லை. தொகுதியின் எல்லாப் பாடங்களையும் எழுதித் தவறியவர் எந்தப் பாடத்தில் 60-உம் அதற்கு மேலும் பெற்றாரோ, அந்தப் பாடத்தை அடுத்த மூன்று தடவைகளுக்கு மறுபடி எழுத வேண்டியதில்லை. இங்கே 'எல்லாப் பாடங்களையும் எழுதி' என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். முதல் நாள் சரியாக எழுதவில்லை என்று மனமுடைந்து மறுதினம் பரீட்சை மண்டபத்துக்கே போகாமல் இருந்துவிடுகிறவர்கள் உண்டு. அவர்கள் ஒரு பாடத்தை இழக்கவில்லை. தமக்குக் கிடைக்கக்கூடிய சலுகையையே இழக்கிறார்கள். அழுகை வந்தாலும் அழுதுவிட்டு அடுத்த பாடத்தை எழுதியே தீர வேண்டும்.

இரண்டு தொகுதிகளையும் சேர்த்து எழுதுவதா, ஒன்று ஒன்றாக எழுதுவதா என்பது நெடுநாள் விவாதம். சேர்த்து எழுதுகிறவருக்கு ஒரு லாபம் உண்டு: ஒன்றில் 145, மற்றொன்றில் 160 வந்தால், எந்தப் பாடமும் 40-க்குக் குறையாதவரை, மொத்தம் 305 என்று இரண்டும் தேறிவிடும். தனியாக எழுதியிருந்தால் முதல் தொகுதி போயிருக்கும். ஆனால் ஆறு பாடங்களையும் இரண்டு முறையாவது திருப்பிப் படிக்க நேரமில்லாதவர் இந்த லாபத்துக்கு ஆசைப்படக் கூடாது. முதலில்லாமல் லாபம் ஏது?

இனி, படிக்கும் முறை. ஸ்தாபனமே பாட நூல்களையும், திருப்புதல் வினாக்களையும், மாதிரிப் பரீட்சைத் தாள்களையும், முந்தைய கேள்விகளுக்கு விடைகளையும் வெளியிடுகிறது. இவற்றை அலமாரியில் அடுக்கிவிட்டு, ஒரு பாடத்துக்கு மூன்று ஆசிரியர்களின் குறிப்புகளைத் தேடி அலைவது பெரும் பிழை. ஒரே நூலை மூன்று தடவை படித்தவர் தேறுகிறார். மூன்று நூல்களை ஒரு தடவை படித்தவர் திண்டாடுகிறார்.

முதல் வாசிப்பில் பொருள் விளங்க வேண்டும். இரண்டாவதில் கணக்குகளைக் கையால் போட்டுப் பார்க்க வேண்டும். விடையைக் கண்ணால் பார்த்துத் தலையசைப்பது படிப்பாகாது. மூன்றாவதில் குறிப்பு சுருங்க வேண்டும். எவ்வளவு சுருங்க வேண்டும்? ஒரு பரீட்சைக்கும் அடுத்ததற்கும் நடுவே பெரும்பாலும் ஒன்றரை நாள்தான் கிடைக்கும். அந்த ஒன்றரை நாளில் முழுவதும் புரட்டக்கூடிய அளவுக்குச் சுருங்க வேண்டும். ஆயிரம் பக்கப் புஸ்தகத்தை அந்த வேளையில் திறப்பவருக்குப் பயம் ஒன்றுதான் மிஞ்சும்.

வரிச் சட்டத்தில் தனி ஜாக்கிரதை தேவை. 2017 ஜூலை 1-ஆம் தேதி சரக்கு சேவை வரி வந்தபோது பழைய மறைமுக வரிப் புஸ்தகங்கள் ஒரே நாளில் பழங்கதையாயின. 1961-ஆம் வருஷத்து வருமான வரிச் சட்டத்தின் இடத்திலும், 2026 ஏப்ரல் 1 முதல், 2025-ஆம் வருஷத்துப் புதிய சட்டம் என்று ஏற்பட்டிருக்கிறது. எந்தப் பரீட்சைக்கு எந்தச் சட்டம் என்பதை ஸ்தாபனத்தின் அறிவிப்பைப் பார்த்துத் தெரிந்து கொண்ட பிறகே புஸ்தகம் வாங்க வேண்டும். அண்ணன் படித்த நூல் தம்பிக்கு ஆகாத படிப்பு இது.

ஆடிட்டரிடம் பயிற்சி பெறும் காலம் இப்போது இரண்டு வருஷம். வாரத்துக்குக் குறைந்தது 35 மணி நேரம் வேலை. "வேலைக்குப் போவதால் படிக்க முடியவில்லை" என்ற முறையீடு எங்கும் கேட்கிறது. ஆனால் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் பயிற்சிக்குப் போகிறவருக்கு வேலையே பாடம். 1960-களில் தோன்றிய அந்தப் பேட்டையில் பிறருடைய சரக்கை வாங்கிக் கடைந்தும் துளையிட்டும் திருப்பி அனுப்பும் சிறு பட்டறைகள் அநேகம். அப்படி அனுப்பிய சரக்கு ஒரு வருஷத்துக்குள்ளும், இயந்திரம் மூன்று வருஷத்துக்குள்ளும் திரும்பாவிட்டால் வரி விழும் என்பது சட்டம். அச்சுக்கும் வார்ப்பச்சுக்கும் இந்தக் கெடு இல்லை. இதைப் புஸ்தகத்தில் பத்துத் தடவை படிப்பதைவிட, பட்டறையில் சலானை ஒரு தடவை சரிபார்த்தால் மறக்கவே மறக்காது.

ஆவடியிலிருந்து சென்ட்ரலுக்குப் போகும் ரயில் நேரத்தையும் வீணாக்க வேண்டாம். நின்றுகொண்டு கணக்குப் போட முடியாது. ஆனால் தணிக்கைத் தரங்களையும் சட்டப் பிரிவுகளையும் சிறு குறிப்பாக எழுதி வைத்துக் கொண்டு மனத்தில் ஓட்டலாம். மேஜை கிடைக்கும் வேளையைக் கணக்குக்கு ஒதுக்க வேண்டும். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்றார்கள். கணக்கர் ஆக விரும்புகிறவர் தம் பொழுதை அளக்காமலிருக்கலாமா?

நம் மனத்தை உறுத்தும் விஷயம் ஒன்று உண்டு. இப்பரீட்சையை இங்கிலீஷிலோ ஹிந்தியிலோ எழுதலாம். தமிழில் எழுத இடமில்லை. தமிழில் பள்ளிப் படிப்பு முடித்து வரும் பிள்ளைகள் பாடத்துக்கு அஞ்சுவதில்லை, பாஷைக்கு அஞ்சுகிறார்கள். தமிழிலும் எழுதும் நாள் வரவேண்டும் என்பதே நமது அபிப்பிராயம். அதுவரையில் அவர்களுக்கு ஒரு யோசனை: பற்று, வரவு, தேய்மானம், ஐந்தொகை என்று முதலில் தமிழில் பொருளை உணருங்கள். பிறகு விடையைச் சட்டம் இன்னது, நடந்தது இன்னது, ஆகையால் முடிவு இன்னது என்று மூன்று சிறு பகுதிகளாக எளிய இங்கிலீஷில் எழுதிப் பழகுங்கள். திருத்துகிறவர் அலங்காரத்தை எதிர்பார்க்கவில்லை, தெளிவையே எதிர்பார்க்கிறார்.

கடைசியாகப் பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. தேறாத ஒவ்வொரு தடவையும் வீட்டுச் செலவைக் காட்டிலும் பிள்ளையின் மனத்தைத்தான் அதிகமாகத் தேய்க்கிறது. முடிவு வெளியாகும் தினத்தில் அடுத்த வீட்டுப் பிள்ளையைப் பற்றிப் பேச வேண்டாம். அதற்குப் பதிலாக, மதிப்பெண்களைக் காகிதத்தில் எழுதி வைத்துக் கொண்டு, எந்தப் பாடம் இழுத்தது, எவ்வளவு குறைந்தது என்று பிள்ளையோடு உட்கார்ந்து பாருங்கள். எத்தனை தடவை முயல்வது என்பதையும் முன்கூட்டியே அன்போடு பேசி முடிவு செய்யுங்கள். அதற்குப் பிறகு வேறு வழி செல்ல நேர்ந்தாலும் கற்ற கணக்கு கைவிடாது. ஒழுங்காகக் கணக்கெழுதத் தெரிந்தவரைத் தேடும் பட்டறைகளும் கம்பெனிகளும் நம் பேட்டைகளிலேயே இருக்கின்றன.

நஷ்டத்தை மறைக்காமல் எழுதி, அதன் காரணத்தைக் கண்டுபிடித்து, மறு வருஷக் கணக்கைத் தொடங்குவதே நல்ல கணக்கரின் லட்சணம். அந்தப் பாடத்தை வீட்டிலேயே கற்றுக் கொடுக்கும் குடும்பத்தில் பிள்ளை பரீட்சையில் தேறுவதும் எளிது. தேறாவிட்டால் தலை நிமிர்ந்து நிற்பதும் எளிது.